நாம்காட்டி

"சிவப்பு!" என்று வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது.

நாம்காட்டி சிவப்பாகத்தான் எரிந்தது. சோப்புப் பெட்டி அளவுள்ள அந்தக் கருவிக்கு முன்னால் ஷெரின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டிய பள்ளியில் மீன்வளப் பிரிவில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண் அவள். ஆனால் இந்த நிமிடம் அவள் 1787ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் ஒரு புகையிலைத் தோட்டத்தில் அடிமையாக இருக்கும் பெண். அப்படித்தான் வரலாற்றுப் பிரிவு மாணவி இசக்கி கருவிக்குச் சொல்லியிருந்தாள்.

"அடுத்து அந்தத் தோட்டத்து முதலாளியம்மாவப் போடுட்டி" என்றான் நெல்சன்.

இசக்கி கருவியின் பக்கம் குனிந்தாள். "கேட்பவர், அதே தோட்டத்து முதலாளியின் மனைவி. வசதி உண்டு. வாக்குரிமை இல்லை."

கருவி கொஞ்சம் யோசித்தது. 'மக்களாகிய நாம்' என்று தொடங்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் வரியை இன்னொரு முறை படித்தது, அதை எழுதியவர்களின் கடிதங்கள், உயில்கள், பத்திரிகை விளம்பரங்கள் எல்லாவற்றையும் ஒரு புரட்டுப் புரட்டியது, மறுபடியும் சிவப்பு காட்டியது.

"என்னது, அந்தம்மாவுக்குமா!" என்று ஷெரின் வாயைப் பிளந்தாள். "பட்டுப் பாவாடை கட்டுனவளும் வெளியதானா?"

பூர்வகுடித் தலைவருக்குச் சிவப்பு. சொந்த நிலம் இல்லாத கூலியாளுக்குப் பச்சையும் சிவப்பும் மாறி மாறி மினுக்கின. நிலம் வைத்திருந்த வெள்ளைக்கார ஆணுக்கு மட்டும் பளிச்சென்று பச்சை. ஒவ்வொரு விளக்குக்கும் வகுப்பு கால்பந்து மைதானம் போல ஆரவாரம் செய்தது. வரலாற்று ஆசிரியை ஜெசிந்தா பெஞ்சு மேல் ஏறி நின்று கைதட்டினாள். உற்சாகம் ஒரு காரணம். தரையில் கணுக்கால் அளவுக்குக் கடல் தண்ணீர் நின்றது இன்னொரு காரணம்.

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலக்காரருக்கு 'வீ' என்று ஒரே சொல். அதைச் சொல்லிவிட்டு, எதிரே நிற்பவனும் அதில் சேர்த்தியா இல்லையா என்பதைக் கடைசிவரை சொல்லாமலே அவரால் காலம் தள்ள முடியும். தமிழனுக்கு அந்த வசதி இல்லை. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், வெளியே நிறுத்திவிட்டால் நாங்கள். வாயைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். மலாய்க்காரருக்கும் நமக்கும் இன்னும் சில மொழிக்காரருக்கும் பழகிப்போன இந்த விஷயம் மொழிபெயர்ப்புப் பொறிகளுக்குத் தீராத தலைவலியாக இருந்தது. ஒருமுறை இலங்கைப் பக்கம் போன பயணப்படகு ஒன்று பழுதாகி மணல்திட்டில் ஏறி நின்றது. வெளிநாட்டவரான படகுத் தலைவர் எல்லோரும் இறங்குவோம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். பொறி அதை "நாங்கள் படகை விட்டு இறங்குகிறோம்" என்று மொழிபெயர்த்தது. நம்மவர்கள் "சரி, பாத்துப் போய்ட்டு வாங்க" என்று கையசைத்துவிட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் முழங்கால் அளவே இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் சென்னையில் சில பொறியாளர்கள் உட்கார்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒருவர் 'நாம்' என்று நினைக்கும்போது அவர் மனம் சட்டென்று சில முகங்களை எண்ணிப் பார்க்கிறது. அந்த எண்ணிக்கை குரலில் ஒரு மெல்லிய அதிர்வாக விழுகிறது. பேச்சாக இருந்தால், கருவியை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவரைக் கேட்பவராக வைத்துக்கொண்டு அந்த அதிர்வை அளக்கலாம். எழுத்தாக இருந்தால், எழுதியவர் விட்டுச்சென்ற மற்ற எல்லாச் சொற்களையும் படித்து, அவர் யாரை ஆளாக மதித்தார் என்று கண்டுபிடிக்கலாம். கேட்பவர் உள்ளே என்றால் பச்சை. வெளியே என்றால் சிவப்பு.

மொழிபெயர்ப்புக்காகச் செய்த கருவி ஊருக்குள் வந்ததும் ஊரே மாறிப்போனது. அரசியல்வாதிகள் மேடையில் 'நாம்' என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். பாலம் கட்டப்படும், குடிநீர் வழங்கப்படும், விசாரணை நடத்தப்படும் என்று யாரும் செய்யாத வேலைகளாகவே பேசினார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் தட்டில் வெற்றிலை பாக்கோடு நாம்காட்டியும் இருந்தது. "நாம பாத்திரத்தக் கழுவிரலாமா?" என்று சோபாவில் சாய்ந்தபடி சொல்கிற கணவன்மாருக்காக மூன்றாவதாக ஒரு விளக்கு வைக்கலாமா என்று தயாரிப்பாளர்கள் இன்னும் ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு அது வந்த கதை வேறு. ஆண்டுகளையும் பெயர்களையும் ஒப்பிக்க எல்லார் காதிலும் ஒரு நினைவுத்துணை இருக்கும்போது வரலாற்றுத் தேர்வு எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அரசு மனப்பாடத்தை எடுத்துவிட்டுத் திறன்தேர்வு கொண்டுவந்தது. ஒரு பழைய ஆவணத்தைக் கையில் கொடுப்பார்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார், யாரை மனதில் வைத்துச் சொன்னார் என்று மாணவன் தோண்டி எடுக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஆவணங்களும் ஏராளம், 'வீ'க்களும் ஏராளம்.

ஜெசிந்தாவுக்கு இது அல்வா சாப்பிடுவது போல இருந்தது. இருபத்தெட்டு வயது, நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது, ஒரு கேள்விக்கு நல்ல பதில் வந்துவிட்டால் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஆவணத்தைச் சோதிக்கக் கருவிக்கு ஆள் தேவையில்லை, கேட்பவர் யார் என்று சொன்னாலே போதும். ஆனாலும் கேட்பவர் இடத்தில் ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும் என்பாள்.

"காத்தப் பாத்து சிவப்புன்னு கத்துறது ஈசி. ஒரு ஆள் மூஞ்சியப் பாத்துக் கத்துங்க, அப்பத் தெரியும்."

வரலாற்றுப் பிரிவில் இருந்ததோ ஏழே பேர். ஏழு பேரும் கருவியை இயக்க அடித்துக்கொண்டார்கள், நிற்க யாரும் வரவில்லை. அதனால் மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மீன்வளப் பிரிவிலிருந்து ஷெரின் வர ஆரம்பித்தாள். வலை நூல் ஒட்டிய பாவாடையோடு வந்து, ஒரு நாள் விதவையாக, ஒரு நாள் அடிமையாக, ஒரு நாள் சீனத்திலிருந்து வந்த ரயில்பாதைக் கூலியாக நின்றாள். கேள்விகளையும் அவளே கேட்டாள். பிரிட்டிஷ் தேயிலையையும் துணியையும் புறக்கணித்த காலத்தில் பெண்கள்தான் வீட்டில் இராட்டை சுற்றி நூல் நூற்றார்கள் என்று படித்த அன்று அவள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"நூல் நூத்தது அவங்க, சட்டத்துல பேர் போட்டுக்கிட்டது ஆம்பளைங்களா? கூட நின்ன பொம்பளைங்க கண்ணுக்கே தெரியலையா டீச்சர்?"

"கெட்டவங்க" என்றாள் இசக்கி, அதற்கு மேல் ஒரு சந்தேகமும் இல்லாமல்.

இவ்வளவு குதூகலத்துக்கும் நடுவில் ஜெசிந்தாவுக்கு ஒரு கவலை இருந்தது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் கடல் ஒரு படி மேலே ஏறிக்கொண்டிருந்தது. பெஞ்சுகளுக்குக் கீழே செங்கல் வைத்திருந்தார்கள், செங்கல்லுக்கு மேலும் தண்ணீர் வந்துவிட்டது. நிர்வாகம் வாகைக்குளம் மேட்டில் புது வளாகம் கட்டியிருந்தது. அறிவியல், வணிகவியல், கணினி மூன்றும் அங்கே போவது உறுதி. வரலாறும் மீன்வளமும் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. இங்கேயே விட்டுவிட்டால் இன்னும் இரண்டு மழைக்காலத்தில் பிரிவையே மூடிவிடுவார்கள். ஜெசிந்தாவுக்கு அதை நினைத்தாலே அழுகை வந்தது.

தாளாளர் ஜெயபாண்டியை நேரில் கேட்டுப் பார்த்தாள். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் மனிதர், கையெடுத்துக் கும்பிட்டே பேசுவார். "பாப்போம் டீச்சர், பாப்போம். நாம எல்லாரும் ஒரே குடும்பம்லா" என்றார். கருவியை எடுத்துக்கொண்டு போகவில்லையே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்ததும் வகுப்பு கொதித்தது.

"டீச்சர், ஒரு வருசமா என்ன படிச்சோம்? பதிமூணு குடியேற்றமும் எப்படிச் சேந்துச்சு? ஊருக்கு ஊர் எழுதிக்கிடக் கடிதக் குழு போட்டாங்க. புறக்கணிச்சாங்க. அதயே செஞ்சிருவோம்" என்றான் நெல்சன்.

"ஆனா ஏழு பேர வச்சு என்னல செய்ய?" என்றாள் இசக்கி.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஷெரினின் குரல் கேட்டது. "நாங்க முப்பது பேரு இருக்கோம்ட்டி."

அடுத்த வாரம் பள்ளி அதுவரை காணாத வாரமாக இருந்தது. கடிதக் குழு ஒவ்வொரு வகுப்புக்கும் ஓலை அனுப்பியது. வரலாற்றுப் பிள்ளைகள் எழுதினார்கள், மீன்வளப் பிள்ளைகள் மீன்பிடித் துறைமுகம் வரை ஓடிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வந்தார்கள். புறக்கணிக்கத் தேயிலை வேண்டுமே என்று தேடியபோது, பள்ளி உணவகத்தின் டீ கண்ணில் பட்டது. அதை நடத்தியவர் அண்ணாச்சியின் மைத்துனர். யாரும் அங்கே டீ குடிக்கக் கூடாது என்று முடிவானது. முடிவு எடுப்பது சுலபம், காலை பத்தரை மணிக்கு டீ இல்லாமல் ஆசிரியர்களே நடுங்கிப்போனார்கள். ஷெரினும் அவள் கூட்டாளிகளும் மீன்வள ஆய்வகத்து அடுப்பில் சுக்குக் காப்பி போட்டு, வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு பள்ளி முழுக்க ஊற்றினார்கள். மூன்றாம் நாள் தலைமையாசிரியரே ஜன்னல் வழியாக ஒரு டம்ளரை நீட்டினார்.

"இராட்டையச் சுத்துறதுன்னா இதுதானா!" என்று ஷெரின் வேர்த்து வடியச் சிரித்தாள். கை முழுக்கச் சூட்டுக் காயம். பள்ளியே அவளைப் பார்த்து விசிலடித்தது. ஜெசிந்தா அந்த வாரம் வீட்டில் சரியாகத் தூங்கவே இல்லை, சந்தோஷத்தில்.

வெள்ளிக்கிழமை புது வளாகத்தை அறிவிக்கும் விழா. அன்றே திறன்தேர்வு மதிப்பீட்டாளர் வகிதா பானுவும் சென்னையிலிருந்து வந்திருந்தார். வரலாற்று வகுப்பு எதை ஆவணமாக எடுத்துக்கொள்ளப் போகிறது என்று அவர் கேட்டதற்கு, "உயிருள்ள ஆவணம் ஒண்ணு இப்ப மேடைக்கு வரும் மேடம்" என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள்.

அண்ணாச்சி ஒலிவாங்கியைப் பிடித்தார். "அன்பான மாணவச் செல்வங்களே! இன்னும் இரண்டே மாதத்தில் நாம் எல்லோரும் மேட்டு வளாகத்தில் அடியெடுத்து வைக்கப் போகிறோம்!"

கைதட்டல் அடங்குவதற்குள் இசக்கி எழுந்து நின்றாள். உயர்த்திய கையில் நாம்காட்டி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பின்வரிசை வரைக்கும் தெரிந்தது.

"ஐயா, திறன்பயிற்சிக்காக ஒரு சந்தேகம். நீங்க சொன்ன நாமுல நாங்க இருக்கோமா?"

"இருக்கீங்கம்மா, இல்லாமலா! அது பழுதான மிஷினா இருக்கும்."

"அப்ப இன்னொரு தடவ சொல்லுங்கய்யா."

அண்ணாச்சி மறுபடி சொன்னார். இசக்கி கருவியைக் கணினிப் பிரிவுப் பையனிடம் கொடுத்திருந்தாள். பச்சை. இன்னொரு முறை சொல்ல வைத்து நெல்சனிடம் கொடுத்தாள். சிவப்பு. ஷெரினிடம் கொடுத்தாள். சிவப்பு. அரங்கில் சலசலப்பு ஏறியது. அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு அருமையான வழி கண்டுபிடித்தார்.

"அது வந்து... ராசாக்கள்லாம் தன்னையே நாம்னு சொல்லிக்கிடுவாங்கல்லா. நாம் மகிழ்ந்தோம், நாம் ஆணையிட்டோம்னு. அந்த மாதிரி மரியாதைக்குச் சொன்னது."

"அப்ப புது வளாகத்துக்கு நீங்க ஒருத்தர் மட்டும்தான் போறீங்களா?" என்று கேட்டார் வகிதா பானு.

அரங்கம் இடிந்துவிடும் போல ஒரு சிரிப்பு எழுந்தது. அண்ணாச்சியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். கொஞ்ச நேரம் செயலாளரோடு குசுகுசுத்தார். பிறகு ஒலிவாங்கிக்கு வந்து, "மாடியில ஒரு அறை இருக்கு. ஒரே ஒரு அறைதான். அத வரலாற்றுப் பிரிவுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"ரொம்ப நன்றிங்கய்யா!" என்று ஜெசிந்தா கத்தினாள். அவர் வாக்கியத்தை முடிக்கக்கூட அவளால் பொறுக்க முடியவில்லை.

எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மீன்வளப் பிள்ளைகள் முப்பது பேரும் பெஞ்சு மேல் ஏறி ஆடினார்கள். வகிதா பானு வந்து ஜெசிந்தாவின் கையைக் குலுக்கி, திறன்தேர்வில் இந்த வகுப்புக்கு முழு மதிப்பெண் என்றார். புது வளாக வாசலில் மாணவர்களே தங்கள் சொந்த வார்த்தையில் ஒரு கல்வெட்டு வைக்கட்டுமே என்று ஒரு யோசனையும் சொன்னார். தோற்றவர் பெருந்தன்மையாகத் தெரிய இது நல்ல வாய்ப்பு என்று அண்ணாச்சி உடனே ஒப்புக்கொண்டார்.

மதியமே கல்வெட்டு வாசகம் எழுத உட்கார்ந்தார்கள். மீன்வளப் பிரிவிலிருந்து ஷெரின் மட்டும் வந்திருந்தாள், மிச்சமிருந்த சுக்குக் காப்பியை எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். இசக்கி எழுதி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்.

"மாணவர்களாகிய நாம் ஒன்றுசேர்ந்து போராடி இந்த இடத்தைப் பெற்றோம்."

"சூப்பர்!" என்றான் நெல்சன்.

ஷெரின் கைக் காயத்தை ஊதிக்கொண்டே, மேசையிலிருந்த நாம்காட்டியை விளையாட்டாக எடுத்திருந்தாள். ஆண்டு முழுக்க அதற்கு முன்னால் நின்றவள், அதைக் கையில் பிடித்துப் பார்த்தது அன்று காலையில்தான். இப்போது அது அவள் கையில் சிவப்பாக எரிந்தது.

யாரும் கத்தவில்லை.

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் காலையில் கேட்டது முழுதாக உறைத்தது. ஒரே ஒரு அறை. அதை அவள் காது கேட்டிருந்தது, மனசு கேட்கவில்லை. மீன்வளத்துக்கு அங்கே இடம் இல்லை. இசக்கி ஷெரினை மறக்கவில்லை, ஷெரின் ஊற்றிய காப்பி இன்னும் நாக்கில் இருந்தது. ஆனால் அந்த வரியை எழுதும்போது புது வளாகத்துக்குப் போகிற வேனில் ஏறும் முகங்களைத்தான் அவள் மனம் எண்ணியிருந்தது.

"இன்னொரு தடவ வாசிட்டி. கை சூட்டுல மிஷின் தப்பாக் காட்டியிருக்கும்" என்றாள் ஷெரின். அவள் அதை நிஜமாகவே நம்ப விரும்பினாள்.

இசக்கி தாளைப் பார்த்தாள். 'மாணவர்களாகிய' வரை வந்தாள். அதற்கடுத்த சொல்லில் நாக்கு நின்றுவிட்டது. நாம் என்றால் பொய், நாங்கள் என்றால் துரோகம். மூன்றாவது சொல் ஒன்று தமிழில் இல்லை.

"அண்ணாச்சிகிட்ட மறுபடி போவோம் டீச்சர். ரெண்டு பிரிவும் வந்தாத்தான் வருவோம்னு சொல்லுவோம்" என்றாள் கடைசியில்.

ஜெசிந்தா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். உப்பளத்தின் வரப்பெல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தது. மறுபடி கேட்டால் அண்ணாச்சி அந்த ஒரு அறையையும் பிடுங்கிக்கொள்வார் என்று அவளுக்குத் தோன்றியது. கைக்கு வந்ததை விட அவளுக்கு மனம் வரவில்லை.

"இப்போதைக்குப் போயிருவோம் இசக்கி. அங்க போய் நின்னுக்கிட்டு இவங்களுக்காகவும் கேப்போம். அதான் நடைமுறை."

"பிலடெல்பியாவுல சட்டம் எழுதுனவங்களும் இதத்தான் டீச்சர் சொன்னாங்க. முதல்ல நாடு அமையட்டும், மத்ததப் பெறகு பாப்போம்னு. அடிமைங்களுக்கு அந்தப் பெறகு வர எழுபத்தெட்டு வருசமாச்சு."

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. அந்த மனிதர்களைக் கெட்டவர்கள் என்று ஏசிய நாட்கள் எவ்வளவு சுகமாக இருந்தன என்று நினைத்தாள். அவர்களும் இப்படித்தான், நல்ல எண்ணத்தோடு, ஏற்கெனவே கிடைத்ததைத் தவறவிடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் புரிந்துகொண்டது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நெல்சன்தான் வழி சொன்னான். "இங்கிலீஷ்ல எழுதிருவோம் டீச்சர். அதுல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான? யாருக்கும் மனசு கஷ்டமா இருக்காது."

அறையில் ஒரு பெருமூச்சு பரவியது. கல்வெட்டு ஆங்கிலத்தில் இருந்தால் கௌரவமாகவும் இருக்கும் என்றாள் ஜெசிந்தா. இசக்கி தாளை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். நெல்சன் அந்த வரியை ஆங்கிலத்தில் எழுதினான். அதை வாசித்தபோது யாரும் கருவியை எடுக்கவில்லை.

"நல்லாருக்கு டீச்சர்" என்றாள் ஷெரின். காப்பி வாளியைத் தூக்கிக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். அதன் பிறகு அவள் வரலாற்று வகுப்புக்கு வரவில்லை.

அடுத்த ஜூன் மாதம் மேட்டு வளாகத்தில் வரலாற்றுப் பிரிவுக்குக் கூட்டம் அலைமோதியது. நாம்காட்டி விழாவின் பதிவை மாநிலமே பார்த்திருந்தது. ஏழு பேர் இருந்த வகுப்பில் இப்போது நாற்பது பேர். காய்ந்த தரை, நல்ல காற்று, ஆளுக்கொரு கருவி. ஜெசிந்தா மீன்வளப் பிரிவுக்காக அண்ணாச்சியிடம் இரண்டு முறை கேட்டிருந்தாள். பாப்போம் டீச்சர் என்றிருந்தார். அவளும் பார்ப்போம் என்றுதான் இருந்தாள், வேலை தலைக்கு மேல் கிடந்தது.

புது மாணவர்களுக்கு அவள் கொடுத்த முதல் பயிற்சி அவளுடைய வழக்கமான பயிற்சி. "அமெரிக்காவுக்கு அப்புறம் போலாம். மொதல்ல உங்க பக்கத்துலயே எங்கயாவது ஒரு 'நாம்' இருக்கும், ஒரு 'வீ' இருக்கும். தேடிக் கண்டுபிடிங்க. அந்த நேரத்துல அங்க யார்யாரெல்லாம் இருந்தாங்கன்னு விசாரிங்க. எல்லாரையும் கேட்பவரா வச்சுப் பாத்துட்டு வாங்க."

நாற்பது பேரும் சிட்டாகப் பறந்தார்கள். அரை மணி நேரத்தில் படியெல்லாம் அதிரத் திரும்பி வந்தார்கள். முன்னால் ஓடி வந்தது ஜோவிட்டா என்ற பெண், மூச்சு வாங்கியது, முகம் முழுக்க வெற்றி.

"டீச்சர், டீச்சர்! வாசல்ல ஒரு கல்வெட்டு இருக்குல்லா, இங்கிலீஷ்ல, அதுல ஒரு 'வீ' மாட்டுச்சு! வரலாற்றுப் பிரிவக் கேட்பவரா வச்சோம், பச்சை. வேற யாரு அந்தப் போராட்டத்துல இருந்தாங்கன்னு பன்னெண்டாங் கிளாஸ் இசக்கி அக்காகிட்டப் போய்க் கேட்டோம். கேட்பவர் இடத்துல யாரப் போடணும்னு அந்த அக்காவே சொல்லிக் குடுத்தாங்க. சுக்குக் காப்பி போட்டுக் கை வெந்துபோன மீன்வளப் பிரிவு மாணவி. அப்படியே போட்டோம் டீச்சர்!"

அவள் கருவியை உயர்த்திப் பிடித்தாள்.

"சிவப்பு!" என்று நாற்பது பேரும் குதித்துக்கொண்டு கத்தினார்கள். சொந்தமாக ஒரு வரலாற்று உண்மையைத் தோண்டி எடுத்துவிட்ட ஆனந்தம் அவர்களுக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நல்ல வகுப்பு ஜெசிந்தாவுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

"கூடவே நின்னு வேல பாத்தவங்கள இப்படி விட்டுட்டு வந்திருக்காங்களே, கொஞ்சங்கூட மனசாட்சி இல்லாத ஆளுங்க. யாரு டீச்சர் இத எழுதுனது?" என்று கேட்டாள் ஜோவிட்டா.

நாற்பது முகங்களும் ஆவலாக அவளையே பார்த்தன. பதில் ஒரே ஒரு சொல்தான். அது நாமா, நாங்களா என்று சொல்லக் கருவி தேவைப்படவில்லை. இந்தப் பிள்ளைகள் யாரும் அதில் சேர்த்தி இல்லை.

"நாங்கதான்" என்றாள் ஜெசிந்தா.